மவுசைப் பிடுங்காதே, வாத்தியாரே!

குற்றச் செய்தி சேகரிப்பது என் பிழைப்பு. போலீஸ் நிலைய பெஞ்சில் பாதி நாள் போய்விடும். முன்பெல்லாம் அந்த பெஞ்சில் பர்சைப் பறிகொடுத்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பாங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் ஒரு பெரியவர் வந்தார். வயது 61. மளிகைக்கடை வைத்திருக்கிறார். "உங்களுக்குப் பணம் வருது, ரகசிய எண்ணைப் போடுங்க" என்று போனில் எவனோ சொல்லி இருக்கிறான். போட்டார். ரூ.18 ஆயிரம் அம்பேல்!

பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்குத் தேவையே இல்லை. இந்த ஒரு வரியை அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

"வீட்டிலே பையன் இருக்கானே, கேட்கக்கூடாதா?" என்றேன்.

"கேட்டா போனை வெடுக்குனு பிடுங்குறான். டக்கு டக்குனு தட்டிட்டுத் திருப்பித் தர்றான். எனக்கு ஒண்ணும் புரியல தம்பி" என்றார்.

பாதிக் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்!

ஆள் தேவை

கிராமத்து மக்களுக்குக் கம்ப்யூட்டர், செல்போன் பழக்க 2017-ல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. மொத்தம் 20 மணி நேரப் பயிற்சி. 6 கோடிப் பேருக்கு மேல் படித்தார்கள். 2024 மார்ச்சில் அது முடிந்துவிட்டது.

நல்ல திட்டம்தான். ஆனால் பட்டணத்துக்காரருக்கு அதில் இடமில்லை. வயது வரம்பும் 60. நம் மளிகைக்கடைக்காரர் இரண்டு வகையிலும் அவுட்!

கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு அலையும் வாலிபர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சொல்லித்தருவதும் ஒரு வேலைதான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான் சொல்கிறேன்.

இதற்குப் பெரிய பட்டம் வேண்டாம். பொறுமை வேண்டும்.

கையைக் கட்டு!

பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை நினைத்துப் பாருங்கள். ஏ, எஸ், டி, எப் என்று நாள் கணக்கில் அடிக்க விடுவார் மாஸ்டர். தப்பு வந்தால் திட்டுவார். ஆனால் நமக்காக அவர் ஒரு வரி அடித்துக் கொடுத்ததுண்டா? கிடையாது. அதனால்தான் கற்றது விரலில் நின்றது.

கம்ப்யூட்டர் வாத்தியாருக்கும் அதுதான் முதல் விதி. மவுஸ் படிப்பவர் கையில் இருக்கட்டும். உங்கள் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

முதல் நாளே கம்ப்யூட்டரின் உள் உறுப்புகளை விளக்கிப் பயமுறுத்தாதீர்கள். "உங்களுக்கு என்ன வேலை ஆகணும்?" என்று கேளுங்கள். கரண்ட் பில்லா, ரயில் டிக்கெட்டா? அதிலிருந்து தொடங்குங்கள்.

மவுஸ் பிடிக்கக் கை நடுங்குகிறதா? சீட்டாட விடுங்கள்! 1990-ல் விண்டோஸ் 3.0-வுடன் வந்த சாலிடேர் ஆட்டம், சீட்டை இழுத்துப் போட்டே பலருக்கு மவுசைப் பழக்கியது. போலீஸ் பிடிக்காத ஒரே சீட்டாட்டம் அதுதான்.

ஆங்கிலம் தெரியாதா? கவலை இல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பிறந்தது 'தமிழ் 99' விசைப்பலகை. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். நம் பெரியவர்களுக்கு அது எளிது.

பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930-க்கு போன் செய்ய வேண்டும் என்பதையும் முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. நம் பெரியவர் மறுநாள்தான் வந்தார்.

திறக்குமா கதவு?

மாநகராட்சிப் பள்ளிகளில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மாலை 6 முதல் 8 வரை அந்த அறைகளைப் பெரியவர்களுக்குத் திறந்துவிடட்டும். சொல்லித்தரும் வாலிபர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கட்டும். திருடனைத் துரத்தும் செலவை விட இது குறைவாகத்தான் இருக்கும்.

பெரியவரின் போனுக்குப் புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. என் கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். அவரே தேடினார். 9 நிமிடம் ஆனது.

"கிடைச்சிடுச்சு தம்பி!" என்றார். பணம் போன பிறகு அன்றுதான் அவர் சிரித்திருப்பார்.