போகிக்கு முன்னால்

மார்கழி பாதி கழிந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒட்டடைக் கம்புக்கு ஒரு தனி மரியாதை உண்டாகிவிடுகிறது. பதினோரு மாதம் கதவு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த அந்தக் கம்பு, திடீரென்று செங்கோலாக மாறிக் குடும்பத்தை ஆளத் தொடங்குகிறது. பரணிலிருந்து பித்தளை அண்டாக்கள் கீழே இறங்குகின்றன. கிழிந்த பாய்களும், மூடி தொலைந்த டப்பாக்களும் கூடத்தில் குவிகின்றன. போகிக்கு முதல் நாள் இரவுக்குள் யாவும் முடிந்தாக வேண்டுமென்பது வீட்டுச் சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு எவ்வளவு முயன்றும் கட்டுப்பட முடியாத குடும்பங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

பத்து வயதுப் பையனிடம், "உன் அலமாரியைச் சுத்தம் செய்" என்கிறார் தாயார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அலமாரியில் இருந்தவை அனைத்தும் தரையில் பரவிக் கிடக்கின்றன. நடுவே பையன் அமர்ந்து பழைய பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக் கொண்டிருக்கிறான். "சோம்பேறி!" என்ற பட்டம் உடனே கிடைத்து விடுகிறது. அடுத்த அறையில் தகப்பனார், பழைய கடிதக் கட்டு ஒன்றை அவிழ்த்து, நின்றபடியே படித்துக் கொண்டிருக்கிறார். ஆனால் அவருக்கு யாரும் பட்டம் சூட்டுவதில்லை!

ஏ.டி.எச்.டி. என்று இன்று வைத்தியர்கள் சுருக்கமாகக் கூறும் கவனக் குறைபாடு நெடுநாளாக மனிதர்களிடம் இருந்து வருவதே. 1902-ஆம் வருஷம் லண்டன் ராயல் காலேஜ் ஆப் பிஸிஷியன்ஸில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், புத்தியில் குறைவின்றியும் தம்மைக் கட்டுப்படுத்திக் கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அவர் வர்ணித்தார். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் அட்டவணையில் அதற்குக் 'கவனக் குறைபாடு' என்ற பெயர் ஏறியது 1980-ல். இன்றைய பெயர் வந்தது 1987-ல். ஒழுக்கத்திலிருந்து கவனத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 80 வருஷம் பிடித்தது. நம் வீடுகளில் பலர் இன்னும் 1902-லேயே வாசம் செய்கிறார்கள்.

செய்ய வேண்டியது இன்னதென்று இவர்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததைத் தொடங்குவதும், வரிசைப்படுத்துவதும், காலத்தை அளந்து முடிப்பதுந்தான் கடினம். பரணை ஒழிக்கும் வேலையோ இம்மூன்றையும் ஒருங்கே கேட்கிறது. ஒவ்வொரு சாமானும் கையில் வந்தவுடன், வைத்துக் கொள்வதா, கொடுப்பதா, எறிவதா என்று ஒரு கேள்வி பிறக்கிறது. இருநூறு சாமானுக்கு இருநூறு கேள்வி! மற்றவர்களுக்கே மயக்கம் வரும்.

இன்னொரு விஷயம். இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளின்படி, இக்குறைபாடு விஷயத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேற்றுமையில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு பரம்பரையைச் சார்ந்தது. ஆகையால் பையனுக்கு இருந்தால் பெற்றோரில் ஒருவருக்கும் இருக்கக் கூடும். பெண் குழந்தைகளிடம் இது ஓடியாடும் குறும்பாக அன்றிப் பகற்கனவாகவும் மறதியாகவும் தோன்றுவதால், பலர் கண்ணில் படாமலே வளர்ந்து விடுகிறார்கள். பிறகு புக்ககத்தில், "வீடு வைத்துக்கொள்ளத் தெரியாதவள்" என்று வருஷந்தோறும் போகிக்குப் போகி கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். சாமான்கள் குவிவதை விட இந்தச் சொல் மனத்தில் குவிவதே பெரிய கஷ்டம். வீட்டை ஒழிப்பது இதற்குச் சிகிச்சையாகாது. சந்தேகமிருந்தால் மனநல வைத்தியரைப் பார்க்கத்தான் வேண்டும்.

நிற்க. வேலைக்கு வருவோம். போகி வரையில் காத்திராமல் மார்கழிப் பிறப்பிலேயே ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தட்டு. மணியடிக்கும் கடிகாரத்தில் 15 நிமிஷம். மணி அடித்ததும் எழுந்து விட வேண்டியதுதான்! "அலமாரியைச் சுத்தம் செய்" என்பதற்குப் பதில், "இந்தத் தட்டிலுள்ள காகிதங்களை மட்டும் எடு" என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்; அந்தத் துணை பலருக்கு வேலையை நகர்த்திவிடுகிறது.

மூன்று கூடைகளுடன் நாலாவதாக ஒரு சந்தேகக் கூடையும் வையுங்கள். தீர்மானிக்க முடியாதவற்றை அதில் போட்டுத் தேதி எழுதிச் சித்திரையில் திறந்து பாருங்கள். கொடுக்க வேண்டியவை அன்றைக்கே வாசற்படி தாண்டட்டும். மறுநாள் வரை இருந்தால் பரணுக்குத் திரும்பிவிடும். பிளாஸ்டிக்கையும் டயரையும் போகித் தீயில் போட வேண்டாம். 2018-ஆம் வருஷப் போகிப் புகையில் சென்னை விமான நிலையமே தடுமாறியது.

குழந்தை தூங்கும்போது அவன் பொக்கிஷங்களை எறிந்து விடுவது கூடாது. அடுத்த வருஷம் ஒன்றையும் கையை விட்டு விட மாட்டான்.

மிஞ்சிய சாமான்களை மூடியில்லாத பெட்டிகளில், கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். இவர்களுக்குக் கண்ணில் படாதது உலகிலேயே இல்லாதது. பள்ளிக்கூடப் பைக்கு வாசற்கதவருகே ஓர் ஆணி அடியுங்கள். அந்த ஆணியில் தகப்பனாரின் குடை உள்பட வேறொன்றையும் மாட்ட அனுமதிக்க வேண்டாம்.