கூரையில் பூட்டும் தகடு: உண்ட சக்தியைத் திருப்பித் தருமா?



இம்முறை சூரியத் தகடுகளைப் பற்றிக் கதைப்போம். ஒக்லாந்தில் வீடு வாங்கிய எம்மவர்களில் சிலர் இப்போது கூரையில் தகடு பூட்ட யோசிக்கிறார்கள். கதவைத் தட்டி விற்க வருபவர்களும் இருக்கிறார்கள். அதேவேளை, வேலையிடங்களில் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு: "அந்தத் தகட்டைச் செய்யச் செலவாகும் சக்தியை அது தன் ஆயுளுக்கும் திருப்பித் தராது. எல்லாம் ஏமாற்று."

இப்படிக் கேட்பது பிழையான கேள்வி அல்ல. 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒரு பாட்டுக் கேட்க எவ்வளவு சுற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். சக்தி சும்மா வராது.

தகட்டுக்கும் அது சும்மா வருவதில்லை. குவாட்சு என்னும் கல்லைக் கரியோடு சேர்த்துப் பெரிய மின் உலையில் உருக்கித்தான் சிலிக்கன் எடுக்கிறார்கள். அதைப் பல தடவை சுத்திகரிக்க வேண்டும். பிறகு 1,414 பாகைக்கு மேல் சூடாக்கித் திரும்பவும் உருக்கிக் கட்டியாக வளர்க்கிறார்கள். அந்தக் கட்டியை ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கிலும் மெல்லியதாகச் சீவும்போது ஒரு பகுதி தூளாகப் போய்விடும். அதற்கு மேல் கண்ணாடி, அலுமினியச் சட்டம். உலைக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இதெல்லாம் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் கணக்கு என்ன? யேர்மனியின் பிரவுன்கோபர் ஆய்வு நிலையத்தின் கணக்குப்படி, இன்றைய தகடு ஒன்று தன்னைச் செய்யச் செலவான சக்தியை வெயில் கூடிய தெற்கு ஐரோப்பாவில் சுமார் ஒரு வருடத்தில் திருப்பித் தருகிறது. வெயில் குறைந்த வடக்கு ஐரோப்பாவிலும் ஒரு வருடத்தைச் சற்றுத் தாண்டினால் போதும். ஒக்லாந்தின் வெயில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கைகாவலாக இரண்டு வருடம் என்றே வைத்துக்கொள்வோம். தகடு உழைப்பது 25 வருடத்துக்குக் குறையாது. வருடத்துக்கு அரை வீதமளவில் அதன் பலம் குறைந்துகொண்டு போனாலும், தின்றதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தந்துவிட்டுத்தான் ஓயும்.

எனவே சாப்பாட்டு மேசைக் கதை இன்றைக்குப் பொருந்தாது. ஆனால் அது வெறும் கற்பனையும் அல்ல. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் காட்டிய முதல் சிலிக்கன் கலம், தன்மேல் விழுந்த வெயிலில் சுமார் 6 வீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் 20 வீதத்தைத் தாண்டிவிட்டன. அன்று சிலிக்கனைத் தடிப்பாகச் சீவினார்கள், இன்று மெல்லியதாகச் சீவுகிறார்கள். 2004இல்கூட அமெரிக்காவின் தேசிய மீள்சக்தி ஆய்வுகூடம் சொன்ன கணக்கு சுமார் நான்கு வருடம். பழைய கணக்கைப் புதிய தகட்டுக்குப் போடுவதால்தான் குழப்பம் வருகிறது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வயல் செய்த குடும்பங்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்து 60 புசல் அறுத்தால் அது நல்ல விளைச்சல்தான். ஆனால் அறுத்த நெல்லையெல்லாம் விதைநெல்லாக எடுத்து ஒவ்வொரு போகமும் புதுக்காடு வெட்டி விதைத்துக்கொண்டே போனால் வீட்டுப் பானைக்கு ஒன்றும் வராது. சூரியத் தகட்டுத் தொழிலும் வேகமாக வளர்ந்த வருடங்களில் அப்படித்தான் இருந்தது. பூட்டிய தகடுகள் தந்த மின்சாரத்தை விடப் புதுத் தகடுகள் செய்யக் கூடுதலாகப் போனது. அந்தக் காலம் முடிந்து, உலகிலுள்ள தகடுகள் எல்லாம் சேர்ந்து தருவது கூடத் தொடங்கிவிட்டதாக அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013இல் சொன்னது.

சக்திக் கணக்கு இத்தோடு முடிந்தது. ஆனால் விற்க வருபவர்கள் இந்த ஒரு கணக்கைக் காட்டி வேறு இரண்டு கணக்குகளையும் முடித்துவிடப் பார்ப்பார்கள். அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஒன்று, புகைக் கணக்கு. உலகில் தகடு செய்யப் பயன்படும் மின்சாரத்தில் 60 வீதத்துக்கு மேல் நிலக்கரியில் இருந்து வருவதாகச் சர்வதேச எரிசக்தி முகவரகம் 2022இல் சொன்னது. தகடுகளில் பெரும்பங்கு சீனாவில் செய்யப்படுகிறது. இங்கேயோ மின்சாரத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆற்றுநீர், பூமிச்சூடு, காற்று ஆகியவற்றால் வருகிறது. கரியால் செய்த தகட்டைக் கொண்டுவந்து நீரால் வரும் மின்சாரத்துக்குப் பதிலாகப் பூட்டினால் புகைக் கடன் அடைய அதிக காலம் எடுக்கும். மேலும் இந்நாட்டில் கரண்ட் கூடுதலாகத் தேவைப்படுவது குளிர்கால மாலைகளில். அந்நேரம் வெயில் இல்லை. சூரிய வெந்நீர்த் தொட்டிகளைப் பற்றி 2012இல் ஆராய்ந்த நாடாளுமன்றச் சுற்றாடல் ஆணையாளர் ஜான் றைட் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். மறுபக்கமும் உண்டு. பகலில் தகடு உழைத்தால் அணைக்கட்டில் நீர் மிச்சப்படும். அந்த நீரை மாலையில் திறந்துவிடலாம்.

டீசலை நம்பிய இடங்களில் நிலைமையே வேறு. நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட ரொக்கெலாவின் மூன்று பவளத்தீவுகளுக்கும் கப்பலில் டீசல் வந்துதான் விளக்கு எரிந்தது. 2012இல் அங்கே 4,032 தகடுகளைப் பூட்டினார்கள். எங்கள் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவும் டீசல் இயந்திரத்தை நம்பியிருந்தவைதான். அங்கே வெயிலும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அப்படிப்பட்ட தீவில் தகட்டின் ஒவ்வொரு அலகும் டீசலை மிச்சம் பிடிக்கும். தகடு ஒன்றுதான், அதன் பயனைத் தீர்மானிப்பது இடம்.

மற்றது, காசுக் கணக்கு. ஒக்லாந்தில் வடக்குப் பார்த்த கூரையில் ஒரு கிலோவாட் தகடு வருடத்துக்குச் சுமார் 1,300 அலகு தரும். ஐந்து கிலோவாட் என்றால் 6,500 அலகு. உதாரணத்துக்கு, விலை 12,000 டொலர், நீங்கள் வாங்கும் அலகு 30 சதம், மிஞ்சியதைக் கொம்பனி திருப்பி வாங்குவது 12 சதம் என்று வைப்போம். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் வீட்டில் நிற்கும் குடும்பம், உடுப்புத் தோய்ப்பது, சமைப்பது, தண்ணீர் சூடாக்குவது எல்லாம் பகலில் செய்து பாதியைத் தானே பாவித்தால், வருடத்துக்கு 1,365 டொலர் மிச்சம். எல்லோரும் பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வீட்டில் கால்பங்குதான் பாவிக்க முடியும் என்றால் ஏறக்குறைய 1,070 டொலர்.

இப்போது அந்த 12,000 டொலரை 10 வீத வட்டிக்குக் கடனாக எடுத்தால் என்ன நடக்கும்? முதல் வருட வட்டியே 1,200 டொலர். இரண்டாவது குடும்பத்துக்குத் தகடு தருவது வட்டிக்கே காணாது. தான் உண்ட சக்தியை இரண்டு வருடத்தில் திருப்பித் தரும் தகடு, ஒரு குடும்பத்தைக் கடனில் வைத்திருக்கவும் கூடும். ஊரில் இருப்பவர்களுக்கும் காசு அனுப்பிக்கொண்டு இங்கே ஓவர்ரைம் செய்பவர்களுக்கு இது சின்ன விசயம் அல்ல.

ஆகவே கையெழுத்து வைக்க முன்னர் உங்கள் கரண்ட் பில்லை எடுத்து, பகலில் வீட்டில் யார் நிற்கிறார்கள், கடன் வட்டி எவ்வளவு, மிஞ்சிய அலகுக்கு என்ன விலை என்று எழுதிப் பாருங்கள். மின்கலமும் சேர்த்து வாங்கச் சொன்னால் அதற்குத் தனிக்கணக்குப் போடுங்கள். கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றவரிடம் கையெழுத்து வைத்துவிட்டீர்கள் என்றாலும் பயப்பட வேண்டாம். நியாய வர்த்தகச் சட்டப்படி, ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்ததில் இருந்து ஐந்து வேலை நாட்களுக்குள் அதை ரத்துச் செய்யலாம். ஆங்கிலக் கடிதம் விளங்காவிட்டால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் பியூரோவில் இலவசமாகக் கேட்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் அவசரப்பட ஒன்றும் இல்லை, கூரை வீட்டுக்காரருடையது. வீடு வாங்கும் நாள் வரும்போது கூரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். இந்த நாட்டில் வெயில் வடக்கில் இருந்து வருகிறது.

அடுத்த இதழில் சந்திப்போம்.