சொற்கேளாப் பிள்ளைகள்

‘கேள்’ என்னும் வினை தமிழிற் பல பொருள் தருவது. ஓசையைச் செவியால் உணர்வதும் கேட்டல். ஐயத்தை வினவுவதும் கேட்டல். பெரியோர் சொல்லுக்கு இணங்கி நடப்பதும் கேட்டல். வள்ளுவர் 42ஆவது அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்றே பெயரிட்டார். மொழிக்கு இது வளம்தான். ஆயினும் இந்த வளமே சில வேளைகளிற் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வினையாக முடிந்துவிடுகிறது. “இவன் சொன்னால் கேட்கிறான் இல்லை” என்று ஒரு தாய் முறையிடும்போது, மகன் அடங்கி நடப்பதில்லை என்கிறாளா, அவன் செவியிற் சொல் விழுவதில்லை என்கிறாளா? அதனை நாம் வினவுவதில்லை. முதற்பொருளையே கொண்டு பிள்ளையைத் தண்டிக்கிறோம்.

வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பில் வாழும் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அவ்வீட்டுச் சிறுவனுக்கு அப்போது ஐந்து வயது நிரம்பவில்லை. இரண்டு வயது முதலே, தடிமன் பிடித்த போதெல்லாம் அவனுக்குக் காதுக் குத்தும் கூடவே வரும். இரவெல்லாம் அழுவான்; மருந்து கொடுத்தால் ஒரு கிழமையில் ஆறும்; அடுத்த மழையில் மறுபடி தொடங்கும். நான்கு வயதளவில் நோவு குறைந்தது. வீட்டார் ஆறுதலடைந்தனர். ஆனால் பாலர் பாடசாலையிலிருந்து முறைப்பாடு வரலாயிற்று. பிள்ளை கவனிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கதை சொல்லும் நேரத்திலே தன்பாட்டில் விளையாடுகிறான் என்றார்கள்.

வீட்டிலே இதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. “தமிழ், சிங்களம், இங்கிலீசு எண்டு மூண்டையும் ஒண்டாய்த் தீத்தினால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?” என்றார் அப்பாச்சி. “றெயில் வாற சத்தம் கேட்டு யன்னலுக்கு ஓடுறான். கோயில் மணியும் கேக்குது. காதிலை குறையெண்டால் நம்பலாமோ, அம்மா?” என்றார் தகப்பனார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அவனை இரண்டொரு தடவை அடித்துமிருக்கிறார். அதைப் பின்னர் கண்ணீருடன் என்னிடம் கூறினார்.

உண்மையைக் கண்டவர் ஓர் இளம் ஆசிரியை. முகத்துக்கு முகம் நின்று ‘பல்’ என்றால் பையன் பல்லைக் காட்டினான். அவன் முதுகுப்புறம் நின்று அதே குரலிற் ‘பல்’ என்றபோது மேசையிலிருந்த கல்லை எடுத்துக் கொடுத்தான். பகரத்துக்கு இதழ்கள் பொருந்துவதைக் கண்ணாற் காணலாம், ககரத்துக்கு அவ்வாறன்று. அவன் இத்தனை காலமும் பாதியைச் செவியாலும் பாதியைக் கண்ணாலும் கேட்டுவந்திருக்கிறான்! அடங்காதவன் என்று நாம் கருதிய பிள்ளை, எம்மிற் பலரைக் காட்டிலும் கூர்மையாய்க் கவனித்தவன்.

இதன் காரணம் அறிதற்கு எளியது. செவிப்பறைக்குப் பின்னே நடுச்செவி என்னும் சிற்றறை உண்டு. அதிற் காற்று நிரம்பியிருந்தால்தான் பறை நன்கு அதிரும். அக்காற்று, மூக்கின் பின்புறத்திலிருந்து செல்லும் ஒரு நுண்குழாயின் வழியே போய்ச் சேர்கிறது. 16ஆம் நூற்றாண்டிலே அக்குழாயை விவரித்த இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்டாக்கியோவின் பெயரே அதற்கு இன்றும் வழங்குகிறது. வளர்ந்தோரில் அது சரிந்து இறங்கும்; சிறு பிள்ளைகளிலோ குறுகியதாயும் ஏறக்குறையக் கிடையாகவும் இருக்கும். ஆதலின் தடிமன் பிடித்தால் எளிதில் அடைபடும். கிருமிகளும் எளிதில் ஏறும். காற்றுப் புகாத அறையில் நீர் தேங்கும். நாளடைவிற் சில பிள்ளைகளிற் பசைபோலத் தடிக்கும். அப்போது நோவு இராது, காய்ச்சல் இராது. கேள்வி மட்டும் மங்கிவிடும். கோயில் மணியும் புகையிரத ஓசையும் அத்தடையை மீறி உட்புகும். மெல்லிய மெய்யொலிகள் தேய்ந்து போகும். அதுவும் ஒரு நாட்போல் மறுநாள் இராது. இன்று கேட்டவன் நாளை கேளான். இதனாலேயே பெற்றோர், “வேணுமெண்டுதான் செய்கிறான்” என்ற முடிவுக்கு வருகின்றனர். பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சுத் தடைப்படுவதில்லை என்பது இன்று தெளிந்த உண்மை. கொழும்பிலே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மும்மொழி நோயன்று. ஆனால் அந்தப் பழைய எண்ணம் எத்தனையோ செவிக் குறைகளை மறைத்து நிற்கிறது.

இனிக் குழாயைப் பற்றிக் கூறுவேன். குரோமெட் என்று வைத்தியர் கூறும் அது அரிசி மணியிலும் சிறியது, நடுவே துளையுடையது. செவிப்பறையில் நுண்ணிய வெட்டொன்று இட்டு அதிற் பொருத்துவர். செவிப்பறையைத் துளைத்தாற் கேள்வி மீளக்கூடும் என்பதை இலண்டன் சத்திரவைத்தியர் ஆஸ்ட்லி கூப்பர் 1801இலேயே எடுத்துரைத்தார். ஆனால் அத்துளை விரைவில் மூடிக்கொண்டது. பின்னர் வியன்னாவில் ஆடம் பொலிட்சர் றப்பரினாற் குழாய் செய்து பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1954இல் அமெரிக்க வைத்தியர் பெவர்லி ஆம்ஸ்ட்ரோங் பிளாஸ்ரிக் குழாயைப் புகுத்திய பின்னரே இம்முறை பரவலாயிற்று. குழாய் நீரை வடிக்கும் வாய்க்கால் என்று பலர் எண்ணுகின்றனர். அதன் முதன்மையான தொழில் அதுவன்று. அடைபட்ட அறைக்குக் காற்றுப் புக வழி செய்வதே. பிள்ளையை மயக்கிச் செய்யும் இச்சிகிச்சை கால் மணித்தியாலத்துள் முடிவது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் குழாய் தானாகவே கழன்று விழும்.

“காதிலே ஓட்டை போடுவதா!” என்று அஞ்சுவோர் உளர். தோடு இடுதற்குக் குழந்தையின் காதை உறவினர் சூழ, மகிழ்ந்து குத்துகிற நாம், கேள்விக்காக இடும் துளைக்கு நடுங்குவது விந்தையே. எனினும் அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. குழாய் உள்ள காதிலிருந்து சில வேளை நீர் வடியும். பறையிலே தழும்பு ஏற்படலாம். நூற்றுக்கு ஓரிருவரிற் குழாய் விழுந்த பின்பும் துளை மூடாதிருக்கும். மயக்க மருந்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆதலின் வேண்டிய பிள்ளைக்கே இது வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் வேண்டுவதன்று.

இங்கே தேர்ந்து நோக்கவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. காதுக் குத்து அடிக்கடி வருவது ஒன்று. நீர் நீங்காது நிற்பது இன்னொன்று. முன்னதற்குக் குழாய் பெரிதும் உதவும் என்று நெடுங்காலம் நம்பினர். அமெரிக்காவின் பிற்ஸ்பர்க்கில், ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குட்பட்ட 250 குழந்தைகளை இரு கூறாக்கி இரண்டாண்டு கவனித்து, 2021இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. குழாய் வைத்த பிள்ளைகளுக்கும், நோய் வந்தபோது மருந்து மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு வந்த நோயின் எண்ணிக்கையில் அவ்வளவு வேற்றுமை இருக்கவில்லை. அடிக்கடி நோய் வந்தாலும், இடைக்காலத்தில் நடுச்செவி தெளிந்துவிடும் பிள்ளைக்குக் குழாய் வேண்டாம் என்பதே இன்றைய அமெரிக்க வழிகாட்டியின் அறிவுரை. நீர் நிற்கும் பிள்ளைக்கும் முதல் மூன்று மாதம் பொறுத்திருப்பதே முறை. பெரும்பாலானோரில் அது தானே வற்றிவிடும். மூன்று மாதம் கடந்தும் இரு காதிலும் நீர் நின்று, கேட்டற் பரிசோதனையிற் குறையும் தெரிந்தாற் குழாயைப் பற்றிப் பேச வேண்டும். அண்ணப் பிளவோ டவுன் நோய்க்குறியோ உடைய பிள்ளைகளிலும், ஏற்கெனவே பேச்சுப் பின்தங்கியவர்களிலும் அவ்வளவு காலம் பொறுத்தல் ஆகாது.

பொறுத்திருந்தால் பிள்ளையின் மொழி கெட்டுவிடாதா என்று கேட்கலாம். பிற்ஸ்பர்க்கிலேயே இதனையும் ஆராய்ந்துள்ளனர். உடனே குழாய் வைத்த பிள்ளைகளையும், பல மாதம் பொறுத்திருந்த பிள்ளைகளையும் பதினொரு வயதளவு வரை தொடர்ந்து பார்த்தனர். மற்றெல்லா வகையிலும் நலமுடைய அப்பிள்ளைகளின் மொழியிலோ கல்வியிலோ வேற்றுமை காணவில்லை. பெற்றோருக்கு இது பெரும் ஆறுதல். அவசரத்திற் கத்தியை நாட வேண்டியதில்லை.

ஆயின் குழாய் எதற்கு? பதினொரு வயதிலே நிறைவு காணப்போகும் பிள்ளைக்கும் இன்று வயது நான்குதான். அவன் இன்றைய வகுப்பில் இருக்கிறான். இன்று நண்பர்களுடன் விளையாடுகிறான். இன்று திட்டு வாங்குகிறான். பின்னர் எல்லாம் சரிவரும் என்பது இன்று அவனை அடிப்பதற்கு நியாயமாகாது. என் கருத்து இதுவே: பொறுத்திருத்தல் வேறு, பாராதிருத்தல் வேறு. மூன்று மாதம் பொறுக்கச் சொல்லும் வைத்தியர், அம்மூன்று மாதமும் அப்பிள்ளைக்கு அரைக் கேள்விதான் என்பதை வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் சொல்லவேண்டும். முன்வரிசையில் இருத்துவதும், முகம் பார்த்துப் பேசுவதும், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கதை சொல்வதும் காசு கேளாத சிகிச்சைகள்.

கொட்டாஞ்சேனையிற் கண்டது மற்றொரு வகை. நெருங்கிய வீடுகள் கொண்ட தோட்டம் ஒன்றில், ஒரு சிறுமியின் காது மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. “வளர வளர மாறும் ஐயா” என்றார் தாய். தகப்பனார் புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர். கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி இல்லை. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பது நம் நாட்டின் பெருமை. 1895இலே தொடங்கிய சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் பொரளையில், பஸ்ஸிற் போகும் தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் இழக்கும் கூலியும் ஒரு கட்டணமே என்பதை நாம் மறக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகும் காதைப் பறை கிழிந்த காதென்றே ஐயுற வேண்டும். அங்கே குழாய்க்கு வேலையில்லை. காதைத் துடைத்து உலர்த்தித் துளிமருந்து இடுவதே முதற்சிகிச்சை. அதனை வளர விடுவது பேராபத்து. நல்லெண்ணெயோ உள்ளி காய்ச்சிய எண்ணெயோ அதற்குள் ஊற்றலாகாது.

வீட்டிலே செய்யத்தக்கனவும் உள. தாய்ப்பால் இந்நோயைக் குறைக்கும். படுத்தபடி போத்தலிற் பால் குடிக்க விடலாகாது. குழந்தை இருக்கும் அறையிற் சிகரெட் புகைத்தலாகாது. தடிமனுக்குக் கடையில் வாங்கும் பாணிமருந்து நடுச்செவி நீரை வற்றச் செய்யாது.

வெள்ளவத்தைச் சிறுவனின் கதையை முடித்துவிடுகிறேன். மூன்று மாதம் பொறுத்தார்கள். நீர் வற்றவில்லை, கேட்டற் பரிசோதனையிற் குறை தெரிந்தது, இரு காதிலும் குழாய் வைத்தார்கள். அன்றிரவு படுக்கையில் அவன் தாயைத் தட்டியெழுப்பி, “அம்மா, ஃபான் ஏன் சத்தம் போடுது?” என்று கேட்டான். அந்த மின்விசிறி அவன் பிறந்த நாள் முதல் அங்கே சுழன்றுகொண்டிருப்பது.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தமிழ்ச் சங்க மண்டபங்களிற் கேள்விச் செல்வத்தின் பெருமையை நாம் பேசி வருகிறோம்; தொடர்ந்து பேசுவோம். ஆனால் நாளைக் காலை வகுப்பிலே சொற்கேளாப் பிள்ளை ஒருவன் உங்கள் முன் இருப்பான். பிரம்பை எடுக்குமுன், குரலை உயர்த்துமுன், அவன் பின்னே சென்று மெல்ல அவன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். திரும்பாவிடின், பெற்றோரை அழைத்து, “இவன் செவியை ஒருக்கால் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். திரும்பினாலும் இழப்பொன்றும் இல்லை; அன்று நீங்கள் அவனோடு மெல்லப் பேசியிருப்பீர்கள்.