மஹரை எழுதினோம், உறைவிடத்தை எழுதினோமா?

நம் சமுதாயத்தில் ஒரு திருமணப் பேச்சு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், குவைத்தில் இருக்கிறார், சிங்கப்பூரில் இருக்கிறார் என்று கேட்ட அளவிலேயே பெண் வீட்டாரின் உள்ளம் குளிர்ந்து விடுகிறது. குடும்பம் விசாரிக்கப்படுகிறது, நகை பேசப்படுகிறது, கைக்கூலி வேண்டாம் என்று வாயால் கூறியவாறே சீர் வரிசை கணக்கிடப்படுகிறது. பட்டும் பொன்னும் வாங்கத் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நான்கு நாள் அலைகிறோம். ஆனால், "நிக்காஹ் முடிந்தபின் பெண் எங்கே வாழ்வாள்?" என்று எவரேனும் கேட்டால், "மாப்பிள்ளை விசா எடுத்து அழைத்துக் கொள்வார்" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்து விடுகிறது. அந்த ஒரு வரியை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

விசா எடுப்பது என்பது கடையில் பொருள் எடுப்பது போன்றதன்று. நம் பிள்ளை அயல்நாட்டில் தானே ஓர் அந்நியன். தன் மனைவிக்குப் பொறுப்பேற்றுக் குடியிருப்பு அனுமதி கேட்கும் தகுதி அவனுக்கு உண்டா என்பதை அந்நாட்டு அரசு முதலில் அவனது சம்பளத்தைக் கொண்டே அளக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் குடியிருப்பும் இருந்தால்தான் மனைவியை அழைக்கலாம். குவைத் அரசு 2024இல் குடும்ப விசாவுக்கு மாதச் சம்பளம் 800 தினார் வேண்டும் என்று வகுத்தது. சிங்கப்பூரில் உயர்நிலை வேலை அனுமதி பெற்றவர்களும் மாதம் 6,000 வெள்ளி ஊதியம் இருந்தால்தான் மனைவி மக்களை உடன் வைத்துக் கொள்ள இயலும். கட்டடத்திலும் கப்பல் துறையிலும் உழைக்கும் சாதாரணத் தொழிலாளிக்கு அந்த வாயில் அறவே இல்லை. இந்த எண்களை அறியாமல் "அழைத்துக் கொள்வார்" என்று சொல்கிறவர் அறியாமையால் சொல்கிறார்; அறிந்தே சொல்கிறவர் ஏமாற்றுகிறார். இரண்டிற்கும் விலை கொடுப்பவள் பெண்ணே.

கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதற்குச் சம்பள அளவுகோல் வைப்பது அநீதி அன்றோ என்று கேட்பவர் உண்டு. அநீதிதான்; அதில் நமக்கு ஐயமில்லை. இது அரபு நாடுகளோடு நிற்கும் அநீதியுமன்று. பிரிட்டனில் குடியேறி வாழ்ந்த அப்துல் அஸீஸ், கபாலெஸ், பல்கந்தலி என்ற மூன்று பெண்கள், தங்கள் கணவர் தம்மோடு வாழ அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றனர். ஆடவர் மனைவியரை அழைக்க எளிய விதியும், பெண்டிர் கணவரை அழைக்கக் கடிய விதியும் வைத்தது பால் வேற்றுமையே என்று 1985 மே 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்தது? பெண்களுக்கு வழியை அகலப்படுத்தவில்லை. ஆடவருக்கும் வழியைக் குறுக்கி இருபாலாரையும் சமமாக்கிற்று! அதே அரசு, கணவனையோ மனைவியையோ அழைப்பவர் ஈட்ட வேண்டிய ஆண்டு வருமானத்தை 2024 ஏப்ரலில் 18,600 பவுனிலிருந்து 29,000 பவுனாக உயர்த்தியது. வழக்கில் வென்றபோதும் இவ்வளவுதான் எனில், நம் பெருமூச்சைக் கேட்டு அக்கதவுகள் திறக்கப் போவதில்லை. கதவு எத்தகையது என்று தெரிந்துகொண்டு மகளை அனுப்புவதே பெற்றோர் செய்யக் கூடியது.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மனைவிக்கு உணவு, உடை, உறைவிடம் மூன்றும் கணவன்மீது கடமை என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கிடையே பிணக்கில்லை. திருமறையின் தலாக் அத்தியாயம், இத்தாவில் இருக்கும் பெண்ணுக்குக்கூடக் கணவன் தன் வசதிக்கேற்பத் தான் வாழும் இடத்தில் உறைவிடம் தரவேண்டுமெனப் பணிக்கிறது. விலக்கப்பட்டவளுக்கே அந்த உரிமை எனில், மணந்து வந்தவளுக்கு இல்லையா? உமர் (ரலி) அவர்கள் இரவு நகர்வலத்தில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்பியதைச் செவியுற்றார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனின்றி ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என வினவினார்கள். அதற்கேற்பப் படைவீரர் வீடு திரும்பக் கெடு விதித்தார்கள். அக்கெடு நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள. சத்தியத்திற்காகப் போரிட்டவருக்கே கெடு இருந்தது. சபர் போன நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் கெடு என்ன? இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் விடுமுறைதானே!

"அவர் மாதந்தோறும் பணம் அனுப்புகிறாரே, வேறென்ன வேண்டும்?" என்று மாமியார் கேட்பார். பணம் வாழ்க்கைச் செலவுக்கு ஆகும், வாழ்க்கைக்கு ஆகாது. சட்டத்தையும் பாருங்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி, கணவன் இரண்டாண்டு பராமரிக்கவில்லை எனில் மனைவி முறிவு கோரலாம். அவன் பணம் அனுப்பினால் அந்த வழி அடைபடும். தக்க காரணமின்றி இல்லறக் கடமையை மூன்றாண்டு நிறைவேற்றாமை என்ற வழி எஞ்சும். அப்போதும் "விசா கிடைக்கவில்லை" என்பதே தக்க காரணமென அவன் வாதிடுவான். அச்சட்டம் பிறந்த வரலாற்றையும் மறந்துவிடக் கூடாது. காணாமற்போன கணவனின் மனைவிக்கு ஹனஃபி மத்ஹபில் விடுதலை அரிதாயிருந்தது கண்டு, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ போன்ற உலமாக்கள் மாலிக்கி மத்ஹபின் தீர்வை நாடினர். தனித்துவிடப்பட்ட பெண்ணுக்காக மத்ஹபின் எல்லையையே கடந்து தீர்வு தேடிய முன்னோரின் வழிவந்த நாம், நிக்காஹ் ஏட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதத் தயங்குவதா?

அந்த ஒரு வரி எது? "இன்ன தேதிக்குள் மனைவியைத் தம் வாழ்விடத்துக்கு அழைத்துக் கொள்வேன், இயலாவிடில் நாடு திரும்பி அவளோடு வாழ்வேன்" என்பதே. இத்தகைய நிபந்தனை கணவனைக் கட்டுப்படுத்தும், மீறினால் முறிவு கோரும் உரிமை மனைவிக்கு உண்டு என்பது ஹன்பலி மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபில் நிபந்தனைக்கு அவ்வளவு வலு இல்லையாயினும், தலாக்கின் உரிமையை மனைவியிடம் ஒப்படைக்கும் தஃப்வீள் முறை ஏற்கப்பட்டதே. நிறைவேற்றத் தக்க நிபந்தனைகளுள் திருமண நிபந்தனைகளே முந்தியவை என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸும் உண்டு. ஆகவே இது புதுமையன்று. நாம் கைவிட்ட பழமை.

அடுத்தது பதிவு. அமீரகம் கேட்கும் திருமணச் சான்று அரபியில் இருக்கவேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரால் அரபியாக்கப்பட்டிருக்க வேண்டும். முறையான சான்றொப்பமும் பெற்றிருக்க வேண்டும். மயிலாப்பூர், அடையாறுப் பகுதிக் குடும்பத்தார் இத்தகைய தாள்களின் பொருள் கேட்டு நம்மிடம் வருவதுண்டு. ஜமாஅத் ஏட்டில் "மர்யம் பீவி" என்றிருப்பவள் கடவுச்சீட்டில் "மரியம்பீ" என்றிருப்பாள். மாப்பிள்ளையின் பெயரிலுள்ள "முஹம்மது" ஓரிடத்தில் முழுதாகவும் மற்றோரிடத்தில் ஒற்றை எழுத்தாகவும் நிற்கும். அரசுப் பதிவோ செய்யப்பட்டே இராது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் நடந்த திருமணம் ஒவ்வொன்றும், எம்மதத்தாருடையதாயினும், 90 நாளுக்குள் பதிவு செய்யப்படவேண்டும் என்பது சட்டம். மாப்பிள்ளையோ முப்பது நாள் விடுமுறையில் வந்து விருந்துகளில் இருபத்தைந்தைக் கழித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். பின்னர் அவருக்காகப் பதிவாளர் அலுவலகமும், அந்த அலுவலகத்துக்காகப் பெண்ணும் காத்திருக்கிறார்கள்.

அரசுப் பதிவு மார்க்கத்தில் தலையிடுவதாகும் என்று கூறுவோருக்கு ஒன்று சொல்வோம். அல்அஸ்ஹர் விளங்கும் எகிப்து நாடே, பதிவு செய்யப்படாத திருமணத்தைப் பற்றிய வழக்கை நீதிமன்றம் ஏற்காது என 1931இல் சட்டம் செய்தது. நிக்காஹ் பதிவின்றியும் செல்லும் என்பது உண்மை. செல்லுபடியான நிக்காஹை எல்லைக் காவலரிடம் மெய்ப்பிக்கத் தாள் வேண்டும் என்பதும் உண்மை.

இன்னொரு சாரார், "சம்பளச் சான்றைக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் மனம் புண்படும்" என்கின்றனர். பெண்ணின் நிறத்தையும் உயரத்தையும், அவளுக்குப் போடும் பவுனையும் கேட்கும்போது எவர் மனமும் புண்படவில்லையே! மஹர் எவ்வளவு என்று சபையறியக் கேட்பது மார்க்கம் என்றால், அவளை எங்கே வைத்து வாழ்விப்பாய் என்று கேட்பதும் மார்க்கமே. கேட்க வேண்டியவர் வலீ. அவர் கேட்காவிடில் வாய் திறக்க வேண்டியவர் நிக்காஹ் ஓதும் ஹள்ரத்.

ஆகவே பெற்றோரே, ஜமாஅத் நிர்வாகிகளே! பேச்சு முடிவாகுமுன் மாப்பிள்ளையின் குடியிருப்பு அனுமதியையும் வேலை ஒப்பந்தத்தையும் கண்ணால் பாருங்கள். அந்நாட்டின் சம்பள வரம்பை அவர் எட்டியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். எட்டாவிடில், ஏழ்மை இழிவன்று; உண்மையைப் பெண்ணிடம் சொல்லி, அவள் சம்மதத்தை அதை அறிந்த சம்மதமாகப் பெறுங்கள். வேலை போனால் மனைவியின் விசாவும் உடன் போகும் என்பதையும் சொல்லுங்கள். நிக்காஹ் ஏட்டில் பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதுங்கள். அழைத்துக் கொள்ளும் கெடுவை மஹரின் கீழே எழுதுங்கள். முதல் விருந்துக்குப் போகுமுன் இருவரையும் பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இவற்றைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவாராயின், போகட்டும்.