பிரஷருக்கு நிறம் ஏது?

2016 ரியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கறுப்பின வீராங்கனை டோரி போவி. 2023-ல், 8 மாதக் கர்ப்பிணியாக, வீட்டில் பிணமாகக் கிடந்தார். வயது 32. பேறுகால ஜன்னி காரணமாக இருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை.

அதே ஓட்டத்தில் உடன் ஓடிய அல்லிசன் பெலிக்சுக்கு 2018-ல், கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு. வழக்கமான பரிசோதனையில் பிடிபட்டது. அவசர ஆபரேஷன், தாயும் சேயும் பிழைத்தனர்.

அந்த நாட்டில் பேறுகாலச் சாவு விகிதம் கறுப்பினத் தாய்மாரிடம், 2023 கணக்குப்படி, வெள்ளையரைவிட 3 மடங்குக்கு மேல்!

140/90-ஐத் தொட்டால் எந்த இனத்துக் கர்ப்பிணிக்கும் ஆபத்துதான். மிஷினுக்கு நிறம் தெரியாது, மனுஷனுக்குத்தான் தெரிகிறது. "தலை வலிக்குது, கண் மங்குது" என்றால், "எல்லாம் சகஜம்மா" என்று அனுப்பாதீர்கள். முதலில் பிரஷரைப் பாருங்கள்!