தேய்ந்துவிடும் என்கிற பயம்

முதல் கணினி வாங்கச் சென்னையில் மேற்குத் தாம்பரத்திலோ ரிச்சி தெருவிலோ கொட்டேஷன் கேட்டுப் பாருங்கள். பையன் கேம் ஆட வேண்டும், அதே பெட்டியில் அக்கா ஆட்டோகேட் ஓட்ட வேண்டும், அப்பா டேலி பார்க்க வேண்டும் என்றால், பெரும்பாலும் சீட்டில் இரண்டு வரி வரும்: 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஏன் இரண்டு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஓஎஸ் மட்டும் எஸ்எஸ்டியில போடுங்க சார். எழுத எழுத அது தேஞ்சிடும். கேம், போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல கிடந்தா சேஃப்." கடைக்காரர் மட்டுமா, ஐடியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனும் இதையேதான் சொல்கிறான். சீட்டு பிடித்தும் தவணை கட்டியும் ஒரே ஒரு பெட்டி வாங்கும் குடும்பத்தை இந்தப் பேச்சு தவறான பெட்டிக்குத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் இதைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

தேய்மானம் உண்டு. எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் செல்லை அழித்து அழித்து எழுத ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு எங்கே என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. சாம்சங் 870 ஈவோ 1 டிபி வாங்கினால், 600 டெராபைட் எழுதும்வரை, அல்லது ஐந்து ஆண்டு வரை, வாரண்டி. தினமும் 40 ஜிபி எழுதினாலும் 600 டெராபைட்டைத் தொட 15,000 நாள் ஆகும். அதாவது 41 ஆண்டு. கேம் ஆடும்போது பெரும்பாலும் நடப்பது டிரைவிலிருந்து படிப்பதுதான். எழுத்து அதிகம் நடப்பது இன்ஸ்டால், அப்டேட் நேரத்தில்தான். 2013இல் தொடங்கி டெக் ரிப்போர்ட் என்ற தளம் 240 முதல் 256 ஜிபி வரையிலான எஸ்எஸ்டிகள் ஆறை எடுத்து, சாகும்வரை இடைவிடாமல் எழுதிப் பார்த்தது. ஆறும் 700 டெராபைட்டைத் தாண்டின. அவற்றில் இரண்டு டிரைவ்கள், பத்து லட்சம் ஜிபி எனப்படும் பெட்டாபைட் எல்லையையே இரட்டிப்பாகக் கடந்தன. எந்த வீட்டில் அவ்வளவு எழுதுகிறார்கள்?

சின்ன எஸ்எஸ்டியின் கதையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 256 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 238 என்று காட்டும். விண்டோஸ், அதன் அப்டேட் மிச்சங்கள், ஆட்டோகேட், ஆஃபீஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் எல்லாம் சேர்ந்து, சில மாதத்தில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும். இடம் குறையக் குறைய, வேகமாக எழுத உதவும் தற்காலிகப் பகுதியும் சுருங்குகிறது. இருப்பதை உள்ளுக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றி எழுத வேண்டிய நிலை டிரைவின் கண்ட்ரோலருக்கு. நாம் எழுதியது ஒன்று, செல்லில் எழுதப்பட்டது அதைவிடப் பல. போதாததற்கு, சின்ன டிரைவில் செல்களும் குறைவு. 1 டிபியில் பரவ வேண்டிய எழுத்து கால் பங்கு இடத்தில் விழுகிறது. தேய்மானத்துக்குப் பயந்து சொன்ன யோசனை, தேய்மானத்தைத்தான் வேகப்படுத்துகிறது.

டி டிரைவில், அதாவது ஹார்ட் டிஸ்கில், கிடக்கும் கேமின் கதி? நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில், ஊசி இடம் தேடி நிற்கவும் தட்டு சுழன்று வரவும் சுமார் 12 மில்லிசெகண்ட். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன கோப்புகளை விநாடிக்கு ஏறக்குறைய 80 முறைதான் தொட முடியும். எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தொடும். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று எழுதிவிட்டது. இடம் 125 ஜிபி. கேமுக்கென்று வாங்கிய பெட்டியில், வேகமான டிரைவில் கேமுக்கு இடமில்லை என்பது என்ன நியாயம்?

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டு எச்சரிக்கும், கெட்டாலும் ஆய்வகத்தில் மீட்கலாம். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போகும், அழித்த கோப்பும் பெரும்பாலும் திரும்பாது. உண்மைதான். ஆனால் தாம்பரம் பக்கத்து முடிச்சூர்க்காரர்களிடம் ஹார்ட் டிஸ்க் சேஃப் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, படகில் ஆட்களை மீட்டார்கள். கணினிப் பெட்டி இருப்பது மேசைக்கு அடியில், தரையில். வழக்கமான ஹார்ட் டிஸ்கின் மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. சேற்றுத் தண்ணீருக்கு அது வழி. எஸ்எஸ்டியும் வெள்ளத்துக்குத் தப்பும் என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாண போட்டோவைக் காப்பது இன்னொரு இடத்தில் இருக்கும் இன்னொரு பிரதிதான். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிரைவ் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் முழுகும்.

ஃபிளாஷ் விலை அண்மையில் ஏறியிருக்கிறது, 1 டிபி எட்டவில்லை என்பவர்கள் உண்டு. அவர்கள் ஹார்ட் டிஸ்க் வரியை அடித்துவிட்டு, அந்தப் பணத்தையும் சேர்த்து 512 ஜிபியாவது வாங்கட்டும். மதர்போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்கட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். டிஎல்சி ஃபிளாஷ் வகையா, ஐந்து ஆண்டு வாரண்டியா, ஜிஎஸ்டி பில்லா என்று கேட்க வேண்டும். விநாடிக்கு 7,000, 14,000 எம்பி என்று அட்டையில் பெரிதாக அச்சிட்ட வேகத்துக்குக் கூடுதல் பணம் வேண்டாம். இன்றைய பெரும்பாலான கேம்களில் சாதாரண பிசிஐஇ ஜென் 3 டிரைவுக்கும் அதற்கும் ஏற்றும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்ட் டிஸ்க் வேண்டுமானால் பின்னால் வெளியே செருகும் வகையில் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி மாடி வீட்டு அலமாரியில் வைக்கலாம். மாடி இல்லாதவர்கள் மேடான பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைக்கட்டும்.