பண்ணைய வாங்கிடுவோம்... தீவனம் யாரு வாங்குவா?

போன வாரம் ஆணி புடுங்குறதுக்கு நடுவுல ஒரு காபி குடிக்கலாம்னு ஆபீஸ் கேன்டீனுக்குப் போனேன். கூட வேலை செய்யுற அம்மணி ஒருத்தங்க மேசை மேல உண்டியல் வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. (நான் இப்போ பொட்டி தட்டுறது அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலத்துல.) பக்கத்து ஊர்ல நூறு வருஷத்துக்கும் மேல பழசான பண்ணை ஒண்ணு விலைக்கு வருதாம். வீடு கட்டி விக்கிறவங்க கைக்குப் போறதுக்குள்ள ஊரே சேந்து காசு போட்டு வாங்கி, கறவை நின்ன மாடு, ஓட முடியாத குதிரை, கைவிட்ட பன்னி எல்லாத்துக்கும் காப்பகம் ஆக்கப் போறாங்களாம்.

இருபது டாலர் போட்டுட்டு வந்துட்டேன். ராத்திரி போன்ல அம்மாகிட்ட சொன்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கல. "நம்ம செவலைக்கு இப்படி ஒரு எடம் இருந்திருக்கலாம்டா"ன்னாங்க.

செவலை எங்க வீட்டுப் பசு. 2015ல நான் இஞ்சினியரிங் சேந்த வருஷம் அதுக்குக் கறவை நின்னு போச்சு. அடிமாட்டு யாவாரி வந்து கயித்தைப் பிடிச்சுட்டுப் போனாரு. அந்தக் காசு என் ஹாஸ்டல் பீஸ்ல சேந்துச்சு. ஆக, இதைப் பத்தி எழுத எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல. இருந்தாலும் எழுதுறேன்.

மேட்டருக்கு வருவோம். உண்டியல் குலுக்கிப் பண்ணை வாங்க முடியுமான்னு கேட்டா, முடியும். வாங்கியிருக்காங்க. 1986ல ஜீன் பாவர், லாரி ஹூஸ்டன்னு ரெண்டு பேர், இதே பென்சில்வேனியாவுல லங்காஸ்டர் மாட்டுச்சந்தைக்குப் பின்னாடி, செத்த மிருகங்களைக் குவிச்சு வச்சிருந்த எடத்துல ஒரு செம்மறியாடு உயிரோட கெடக்குறதைப் பாத்தாங்க. தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தி ஹில்டான்னு பேரு வச்சாங்க. 'ஃபார்ம் சாங்சுவரி' அப்படித்தான் ஆரம்பிச்சுது. கிரேட்ஃபுல் டெட்னு ஒரு ராக் இசைக்குழு, அவங்க கச்சேரி நடக்குற எடத்துக்கெல்லாம் வேன்ல போய் கறி இல்லாத ஹாட் டாக் வித்துக் காசு சேத்தாங்க. 1990ல நியூயார்க் மாநிலத்துல, வாட்கின்ஸ் கிளென் பக்கத்துல 175 ஏக்கர் பண்ணையை வாங்கிட்டாங்க. ஹில்டாவும் பத்து வருஷத்துக்கு மேல வாழ்ந்துச்சு.

என் கவலை எல்லாம் பத்திரம் பதிஞ்சதுக்கு அடுத்த நாளைப் பத்தி. நம்ம தொழில்ல இருக்குறவங்களுக்கு இது சட்டுனு புரியும். புது ப்ராஜெக்ட்டுன்னா கேக் வெட்டி பட்ஜெட் குடுப்பாங்க. அதையே மெயின்டனன்ஸுக்குக் கேட்டுப் பாருங்க, மூஞ்சி சுருங்கிடும் :-) தர்மத்துலயும் இதே கதைதான். "பண்ணையைக் காப்பாத்துங்க"ன்னா காசு விழும். "நாப்பத்தி மூணாவது மாசத் தீவனத்துக்குக் காசு தாங்க"ன்னா விழுமா?

ஒரு சின்னக் கணக்கு. மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில சுமார் 2 சதவீதம் காஞ்ச புல்லு திங்கும். 600 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. இருபது மாடுன்னா 240 கிலோ. வருஷத்துக்கு 87 டன். மேய்ச்சல் இருக்குன்னு பாதியைக் கழிச்சாலும் 40 டன்னுக்கு மேல வாங்கணும். பசு இருபது வருஷம் வரைக்கும் வாழக்கூடியது. பால் பண்ணையில அஞ்சாறு வயசுலேயே கழிச்சு விட்ட மாட்டைக் கொண்டு வந்தா, இன்னும் பதினாலு வருஷம் தீனி போடணும். பால் இல்ல, கன்னு இல்ல, வருமானம்னு ஒண்ணும் இல்ல. டாக்டர் செலவு, குளம்பு வெட்டுற செலவு எல்லாம் தனி.

அடுத்து, அந்தப் 'பழமை'. இங்க 'பேங்க் பார்ன்'னு ஒரு வகைப் பழைய தொழுவம் உண்டு. மேட்டுச் சரிவை ஒட்டிக் கட்டியிருப்பாங்க. மேட்டுப் பக்கமா வண்டி நேரா மேல்தளத்துக்கே போயிடும், புல்லு அங்க. மாடு கீழ்த்தளத்துல. மேலேருந்து தள்ளி விட்டா தீவனம் கீழ விழும். என்ன மூளைய்யா! ஆனா பழைய மரமும் பழைய கூரையும் செலவு வைக்காம விடாது. தேசிய வரலாற்று இடங்கள் பட்டியல்ல பேரு ஏறிட்டா யாரும் இடிக்க முடியாதுன்னு பலர் நெனைக்கிறாங்க. 1966 சட்டத்துல வந்த அந்தப் பட்டியல், சொந்தக் காசுல சொந்தக் கட்டடத்தை இடிக்கிறவரைத் தடுக்காது. கூரை மாத்தக் காசும் தானா வந்து விழாது.

கவனிக்காம விட்டா என்ன ஆகும்? கலிஃபோர்னியாவுல 'வைல்ட்லைஃப் வேஸ்டேஷன்'னு ஒரு காப்பகம், 1976ல ஆரம்பிச்சது. பண்ணை மிருகம் இல்ல; சிங்கம், புலி, சிம்பன்சி. காட்டுத்தீயும் வெள்ளமும் அடிச்ச அடியில எடம் சேதமாகி, சரி பண்ண வழியில்லாம 2019ல மூடிட்டாங்க. 400க்கும் மேல இருந்த மிருகங்களுக்கு வேற எடம் தேட வேண்டியதாப் போச்சு. சிம்பன்சிங்க எல்லாத்துக்கும் எடம் கெடைக்க வருஷக்கணக்காச்சு. கம்பெனி மூடுனா நாம ரெஸ்யூமைத் தூக்கிட்டு அடுத்த எடம் போயிடுவோம். சிம்பன்சி எங்க போகும்?

அதனால நான் சொல்றது இதுதான். பண்ணை விலையோட சேத்து ரெண்டு மூணு வருஷத் தீவனக் காசையும் இப்பவே வசூல் பண்ணணும். எத்தனை மிருகத்துக்கு மேல சேக்க மாட்டோம்னு முதல் நாளே எழுதி வைக்கணும். பரிதாபப்பட்டுச் சேத்துக்கிட்டே போனா எல்லாமே பட்டினி. இன்னொரு வழியும் இருக்கு. 1988லேருந்து இந்த மாநிலத்துல, விவசாய நிலத்துல வீடு கட்டுற உரிமையை மட்டும் அரசாங்கம் விலைக்கு வாங்குற திட்டம் இருக்கு. அப்படி ஏற்கெனவே உரிமையை வித்த நிலம், பில்டருக்கு உதவாதுங்கறதால பொதுவா விலை கம்மியாவே கெடைக்கும். பத்திரத்துல காப்பகத்துக்கு அனுமதி இருக்கான்னு மட்டும் முதல்லயே படிச்சுக்கணும்.

இதையெல்லாம் மறுநாள் அந்த அம்மணிகிட்ட மூச்சு விடாம சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, "சரி, மாசம் எவ்ளோ போடுவ?"ன்னாங்க.

மாட்டிக்கிட்டேன் மக்கா. மாசம் பதினஞ்சு டாலர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மாகிட்ட சொன்னேன். "மாசா மாசம் மறக்காமப் போடு"ன்னு மட்டும் சொன்னாங்க.